வாயைக் கட்டிய வைத்தியம்

மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியனிடம் மணி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் மணி மட்டும் தெரியாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க உகந்த வேளை எது, கேட்டவருடைய கடிகாரம் எந்தத் தேசத்தில் செய்தது, அது ஏன் பின்தங்கும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நகர முடியும். அதற்குள் அவர் முதலில் சொன்ன மணி தப்பாகியிருக்கும். அதையும் அவரே திருத்துவார்.

பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் அவர் ஹெட் கிளார்க். பாலக்காட்டிலிருந்து வந்து பம்பாயில் வேர் விட்டவர். ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் நாகபுரியில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி வாலாம்பாளும்தான். பொல்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். ஒரு தப்பு காதில் விழுந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிட அவரால் முடியாது, அவ்வளவுதான். சுவரில் மாட்டின படம் சாய்ந்திருந்தால் சிலருக்குக் கை பரபரக்குமே, அவருக்கு நாக்கு பரபரக்கும்.

கழுத்து பிடித்துக்கொண்டதும் அந்த நாக்கால்தான். கடற்படைக் கலகம் நடந்து ஓய்ந்த வருஷம், மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை, லோகல் ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். பின் பெஞ்சில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். பம்பாயிலிருந்து புறப்படுகிற கப்பல் முதலில் சூயஸுக்குப் போய் அப்புறம் ஏடனுக்குப் போகும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வேங்கடசுப்ரமணியன் இடுப்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி ஆரம்பித்தார். தாதரில் கப்பல் நங்கூரம் எடுத்தது. பைகல்லாவில் ஏடன். மஸ்ஜித் ஸ்டேஷன் வருவதற்குள் கால்வாயைக் கடந்து போர்ட் சையதைத் தொட்டாயிற்று. போரிபந்தரில் எல்லாரும் இறங்கினார்கள். இவரும் இறங்கினார். கழுத்து மட்டும் போர்ட் சையது பக்கமே நின்றுவிட்டது.

ஆபீசில் அன்று துரையின் அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, சுவரைப் பார்த்து குட்மார்னிங் சொன்னார். வேறு வருஷமாக இருந்தால் துரை சிரித்திருப்பான். அந்த வருஷம் ஒரு குமாஸ்தா துரையை நேருக்கு நேர் பார்க்காமல் நின்றால் அதற்கு அரசியல் அர்த்தம் இருந்தது. எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறாய் என்று துரை மெதுவாக விசாரித்தான். கழுத்து என்று தெரிந்ததும், வேண்டிய மட்டும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னான். இத்தனை சுலபமாக லீவு கிடைத்ததே வேங்கடசுப்ரமணியனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாலாம்பாள் எண்ணெய் காய்ச்சித் தடவினாள், தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். மாடியில் இருந்த நாணு தினம் இறங்கி வந்து ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனைகளையெல்லாம் வேங்கடசுப்ரமணியன் திருத்தினார். வலி மட்டும் திருந்தவில்லை. கடைசியில் சயானில் இருந்த எலும்பு டாக்டர் கேல்கரிடம் போனார்கள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, சாயங்கால லோகல் மாதிரி, என்று இங்கிலீஷும் ஹிந்தியுமாகச் சொன்னார். அவற்றைக் கொஞ்சம் விலக்கிவிட வேண்டும். தாடைக்குக் கீழும் பிடரிக்குக் கீழும் தாங்குகிற மாதிரி ஒரு தோல் வார். அதிலிருந்து ஒரு கயிறு. கயிறு மேலே கப்பியில் ஓடி மறுபக்கம் இறங்கும். அந்த நுனியில் ஒரு கனம். முக்காலியில் உட்கார்ந்து காலையில் அரை மணி, மாலையில் அரை மணி இழுக்கவிட வேண்டும். வார் தாடையைத் தாங்கியிருக்கும் வரையில் வாயை அசைக்கக் கூடாது. பேசினால் பலன் இல்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த வாலாம்பாள் எழுந்து மேஜை அருகில் வந்தாள்.

"டாக்டர் சாப், பாத் நஹீ கர்னா? பில்குல் நஹீ?" என்று, அடியோடு பேசவே கூடாதா என்பதைத் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள்.

"பில்குல் நஹீ" என்றார் டாக்டர்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். "ஏக் ஷப்த் பீ நஹீ?"

ஒரு வார்த்தைகூடக் கூடாது என்று டாக்டர் உறுதி சொன்னார். வாலாம்பாள் அவருக்கு இரண்டு கையாலும் நமஸ்காரம் செய்தாள். வைத்தியத்தில் மனைவிக்கு இத்தனை நம்பிக்கை ஏற்பட்டதைப் பார்த்து வேங்கடசுப்ரமணியனுக்குப் பெருமையாக இருந்தது.

கோட்டையில் வைத்தியச் சாமான் விற்கிற கடைகளில் அந்த வார் இல்லை. யுத்தத்துக்கு அப்புறம் சீமைச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்து, தாராவியில் தோல் வேலை செய்கிற ஜெயினுலாப்தீனிடம் போகச் சொன்னார்.

ஜெயினுலாப்தீன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். யுத்தத்தில் பட்டாளத்துக்கு பெல்ட்டு தைத்துக் கொடுத்தவர். பட்டாளம் கலைந்த பிறகு விக்டோரியா வண்டிக் குதிரைகளுக்குக் கடிவாளமும் சேணமும் தைத்துக்கொண்டிருந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாமி, குதிரைக்கு மாட்டுத தலைக்கச்சைல்லா. காதுக்கு மட்டும் எடம் கம்மியா இருக்கு" என்றார்.

"குதிரைக்கு இல்லை, எனக்கு."

"அது தெரியுது சாமி. வேலை ஒரே வேலைதான்னு சொல்லுதேன்."

பட்டறை வாசலில் பக்கத்து வீட்டுக்காரன் தளவாய் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கூலி. "சாமியை எங்கயோ பாத்திருக்கேன்" என்று யோசித்து, "எங்க சார்ஜ்மேன் ஐயா வீட்டுக் கல்யாணத்துல. ஐயாவுக்கு அத்தான்லா நீங்க" என்றான். வேங்கடசுப்ரமணியன் பேச்சை மாற்றி, அளவெடுக்கச் சொன்னார். காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

ஜெயினுலாப்தீன் நாடாவை எடுத்துத் தாடையைச் சுற்றி அளந்தார். அளக்கும்போது வேங்கடசுப்ரமணியன் மனிதத் தலைக்கும் குதிரைத் தலைக்கும் உள்ள வித்தியாசங்களை அவருக்கு எடுத்துச் சொன்னார். ஜெயினுலாப்தீன் சொன்ன நாளில் வாரைத் தைத்துக் கொடுத்தார். வீட்டில் வந்து மாட்டிப் பார்த்தால், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் போகும்போல இருந்தது. திரும்பவும் தாராவிக்குப் போனார்.

"என் தப்பு இல்ல சாமி" என்றார் ஜெயினுலாப்தீன். "நீங்க பேசிக்கிட்டே இருந்திய. வாயத் தொறந்திருக்கையில எடுத்த அளவு அது. இப்ப ஒரு நிமிஷம் மூடிக்கிடுங்க, சரியாத் தச்சிருதேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் வேங்கடசுப்ரமணியனுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. மூடிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது வார் கனகச்சிதமாகப் பொருந்தியது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நிலையின் மேல்கட்டையில் நாணு இரண்டு கப்பிகளை அடித்துக் கொடுத்தார். வாலாம்பாள் காடாத் துணியில் பை தைத்து மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் டாக்டர் சொன்ன எடைக்கு நிறுத்துக்கொண்டு வந்தாள். வேங்கடசுப்ரமணியன் முக்காலியில் உட்கார்ந்தார். அவள் வாரை மாட்டி, பக்கிள் போட்டு, மணல் பையை மெள்ளத் தொங்கவிட்டாள். கயிறு விறைத்தது. தலை மேலே எழும்பினது. தாடை பூட்டிக்கொண்டது.

வாலாம்பாள் ஒரு முறம் அரிசியை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ரேஷன் அரிசி, கல் நிறைய. கல் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

முதல் நாள் அவள் சொன்னதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. விறகு விலை, குழாயில் ஜலம் வருகிற நேரம், மாடி விசாலாக்ஷியின் முழங்கால். நாணுவின் மனைவி விசாலாக்ஷிக்கு இடது முழங்கால் என்றாள். வலது முழங்கால். அது வேங்கடசுப்ரமணியனுக்கு நிச்சயமாகத் தெரியும். வாரை அவிழ்த்ததும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டார். அவள் அடுத்ததற்குப் போனாள். அதிலும் ஒரு தப்பு. அதையும் முடிந்துகொண்டார். அரை மணிக்குள் மூட்டை பெரிதாகிவிட்டது. வாரை அவிழ்த்ததும், எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் சற்று விழித்தார். பிறகு, "விசாலத்துக்கு வலது முழங்கால்" என்றார்.

"சரி" என்றாள் வாலாம்பாள். உள்ளே போய்விட்டாள்.

சூடாகச் சொல்லியிருந்தால் அது எப்படி எடுபட்டிருக்கும். ஆறிப்போன தோசை மாதிரி அது கூடத்தின் நடுவில் கிடந்தது. அடுத்த சில நாட்களில் அவருக்கு ஒன்று புரிந்தது. அரை மணி அடக்கிவைத்த பதிலில் முக்கால்வாசி, அவிழ்க்கும்போது பார்த்தால் சொல்லத் தகுந்ததாக இல்லை. இது அவருக்குப் பிடிக்கவில்லை. பதில்களில் குற்றம் இல்லை, கால தாமதத்தில்தான் குற்றம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் வாலாம்பாள் தான் தம்பியோடு முதன்முதலில் பம்பாய்க்கு வந்த கதையை எடுத்தாள்.

இந்தக் கதையை அவள் கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள். "அரக்கோணத்திலே வண்டி மாறறச்சே" என்று வரும். உடனே வேங்கடசுப்ரமணியன், "வண்டி மாறலை. நீங்க வந்த பெட்டியைக் கழட்டி பம்பாய் மெயில்லே கோத்தா. அதுக்கு மாறறதுன்னு பேர் இல்லை" என்பார். பெட்டி எப்படிக் கழற்றப்படுகிறது என்று தொடர்வார். அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும், எழுந்து போய்விடுவாள். இப்படியாக இத்தனை வருஷத்தில் அவள் கதை அரக்கோணத்தைத் தாண்டியதே இல்லை.

அன்றும், "அரக்கோணத்திலே வண்டி மாறறச்சே" என்று சொல்லிப் பழக்கத்தால் நிறுத்தினாள். ஏறிட்டுப் பார்த்தாள். தோல் வாருக்குள்ளிருந்து "ம்" என்ற ஒரு முனகல்தான் வந்தது. அவள் ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். கதை அரக்கோணத்தைத் தாண்டிப் போயிற்று.

"எனக்கு நல்ல ஜுரம் அப்போ. ஒடம்பு தீயாக் கொதிக்கறது. பஞ்சுதான் கூட வந்தான், மீசைகூட மொளைக்கலை அவனுக்கு. குந்தக்கல்லிலே வண்டி நின்னப்போ, கொஞ்சம் வெந்நீர் கிடைச்சாத் தேவலைடான்னு நான்தான் சொன்னேன். செம்பை எடுத்துண்டு எறங்கினான். காபிக் கடைக்காரன் வெந்நீர் தரமாட்டேன்னுட்டான் போலருக்கு, அவன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கறதுக்குள்ளே வண்டி எடுத்துட்டான். ஜன்னல் வழியா நான் பாக்கறேன், செம்பைத் தூக்கிப் பிடிச்சுண்டு பிளாட்பாரம் முடியற மட்டும் ஓடி வந்தான். வெந்நீர் கொட்டிடப்படாதுன்னு ஓடினானாக்கும். செம்பைப் போட்டுட்டு ஓடியிருந்தா வண்டியைப் பிடிச்சிருப்பான்."

வேங்கடசுப்ரமணியனுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. போரிபந்தரில் புதுப்பெண்டாட்டி தனியாக வந்து இறங்கினாள். மச்சினன் பஞ்சு மறுநாள் ஏதோ கூட்ஸ் வண்டியில் கார்டைக் கெஞ்சி ஏறிக்கொண்டு, கரியும் புழுதியுமாக, கையில் செம்போடு வந்து சேர்ந்தான். பொறுப்பு என்றால் என்ன என்று பஞ்சுவை நிற்க வைத்து நெடுநேரம் விளக்கினார். பஞ்சு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவனை நான்தான் வாயைத் தொறக்காதேன்னு வெச்சிருந்தேன்" என்றாள் வாலாம்பாள். "புக்காத்துக்கு வரச்சேயே ஜுரத்தோட வந்தா, சீக்காளிப் பொண்ணைத் தலையிலே கட்டிட்டான்னு உங்க அம்மா சொல்லுவாளோன்னு பயம். அவன் பாவம், இன்னி வரைக்கும் சொல்லலை."

அரிசி முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் எழுந்து போனாள். மீதி நேரம் முழுவதும் வேங்கடசுப்ரமணியன் தனியாகத் தொங்கினார். நிலைமை மோசமாக இருந்தது. குந்தக்கல்லில் அக்காவைத் தொலைத்த பஞ்சு என்பது அவருடைய கதைகளில் ரொம்பவும் பேர் போனது. பந்தி பந்தியாகச் சொல்லியிருக்கிறார். யுத்தத்தின் நடுவில் பஞ்சு தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தான். செம்பூரில் கீற்றுப் பந்தல் போட்டு, ரேஷன் காலத்திலும் பாயசத்துக்குக் குறைவில்லாமல் செய்தான். அங்கேயும் பிள்ளை வீட்டார் எதிரில் அந்தக் கதையைச் சொன்னார். போதாக்குறைக்கு, பஞ்சு ஆசையாக இங்கிலீஷில் அச்சடித்த பத்திரிகையைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் எங்கெங்கே எழுத்துப் பிழை என்று உரக்கப் படித்துக் காட்டினார். பஞ்சு பாயசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்திம்பேர், சாப்ட்டாச்சுன்னா எழுந்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பஞ்சு சார்ஜ்மேனாக வேலை பார்க்கிற ரயில்வே ஒர்க்ஷாப்பு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. சங்கு ஊதினால் இங்கே கேட்கும். மனிதன் வரமாட்டான்.

வாரை அவிழ்த்ததும் அவர் கேட்டது, "அந்தச் செம்பு இப்போ எங்கே?" என்றுதான்.

"அதுலதான் தினம் உங்களுக்கு ஜலம் வெக்கறேன்" என்றாள் வாலாம்பாள்.

இது நடந்த சில நாட்களுக்குப் பிறகு ஒரு மாலை, வேங்கடசுப்ரமணியன் வாரில் இருந்தார். வாலாம்பாள் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மழை இருட்டு. ஒர்க்ஷாப்புச் சங்கு ஊதி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு படீரென்று திறந்தது. யாரோ "ஐயோ அத்திம்பேர்" என்று அலறிக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. அடுத்த க்ஷணம் இரண்டு கைகள் அவர் முழங்கால்களைக் கட்டிப் பிடித்து அப்படியே மேலே தூக்கின. முக்காலி உருண்டது. கயிறு தளர்ந்து மணல் பை தொப்பென்று தரையில் விழுந்தது. வேங்கடசுப்ரமணியன் அந்தரத்தில் நின்றார்.

தூக்கியது பஞ்சு. நடந்தது என்ன என்பது அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. சாயங்காலம் வேலை விடுகிற நேரத்தில் தளவாய் பஞ்சுவிடம், "ஐயா, ஒங்க அத்தானுக்கு இப்பம் எப்படி இருக்கு? கழுத்துல வாரை மாட்டிக் கயித்துல தொங்குதாருன்னு ஜெயினுலாப்தீன் பாய் சொன்னாரு" என்று கரிசனமாகக் கேட்டிருக்கிறான். பஞ்சு பாதிப் பேச்சிலேயே ஓடத் தொடங்கிவிட்டான். வைத்தியம் என்கிற வார்த்தை அவன் முதுகுக்குப் பின்னால்தான் வந்தது. கூடத்தில் நுழைந்ததும் மங்கலில் கண்ணில் பட்டது கயிறும், வாரும், ஒரு பக்கமாய் நிமிர்ந்த தலையும். முக்காலி வேஷ்டிக்குள் மறைந்திருந்தது.

"இப்படிப் பண்ணலாமா அத்திம்பேர்" என்று பஞ்சு அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கப்படாது. பெரியவாளைப் பந்தியிலேர்ந்து எழுந்துக்கச் சொன்ன பாவி நான். வரணும் வரணும்னுதான் தினம் நெனைப்பேன், வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன். பத்திரிகையிலே தப்பு இருந்தது வாஸ்தவம்தான் அத்திம்பேர். நீங்க சொன்னது அத்தனையும் சரி."

இந்த ஒரு வாக்கியத்தை வேங்கடசுப்ரமணியன் வருஷக்கணக்காக எதிர்பார்த்திருந்தார். வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். இப்போது வந்துவிட்டது. வார் அவிழவில்லை, தாடை பூட்டிக் கிடந்தது. "ம்ம்ம்" என்றார். அது உயிர் போகிற சத்தம் என்று நினைத்து பஞ்சு இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினான். தலை நிலையின் மேல்கட்டையில் இடித்தது.

வாலாம்பாள் துணிகளோடு உள்ளே வந்தாள்.

"பஞ்சு" என்றாள். "என்னடா பண்றே. அவரைக் கீழே எறக்கு. வைத்தியம் நடந்துண்டிருக்கு."

பஞ்சு நிமிர்ந்து பார்த்தான். பக்கிளைப் பார்த்தான், கப்பிகளைப் பார்த்தான், மணல் பையைப் பார்த்தான். கையை அப்படியே விட்டுவிடாமல், ஒர்க்ஷாப்பில் கனமான சாமானை இறக்குகிற நிதானத்தோடு அவரைத் தரையில் இறக்கினான். வாலாம்பாள் வாரை அவிழ்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய், திரும்பி நின்றுகொண்டு நெடுநேரம் வரவில்லை. அழுகிறாள் என்று பஞ்சு நினைத்தான். தோள் குலுங்கினதைப் பார்த்தால் அது அழுகைதானா என்று வேங்கடசுப்ரமணியனுக்குச் சந்தேகம்.

வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டார். யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினார். அகப்படவில்லை.

"குந்தக்கல்லிலே வண்டி எத்தனை நேரம் நின்னுது?" என்று கேட்டார்.

பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் குந்தக்கல் என்று கேட்காமல், "பத்து நிமிஷம் நிக்கணும். அஞ்சுலேயே எடுத்துட்டான்" என்றான்.

"அப்போ தப்பு உங்க ரயில்வேக்காரன் பேர்லேதான். உன் பேர்லே ஒண்ணும் இல்லை."

அவரால் அவ்வளவுதான் இறங்கி வர முடியும். பஞ்சுவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவன், "அது எங்க ரயில்வே இல்லை அத்திம்பேர். குந்தக்கல் எம் அண்ட் எஸ் எம் கம்பெனி லைன். நாங்க ஜி.ஐ.பி." என்றான்.

வேங்கடசுப்ரமணியனை ஒருவன் அவர் வீட்டிலேயே, அவர் முகத்துக்கு நேரே திருத்தினான். அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "காபி சாப்பிடு" என்றார்.

பஞ்சு தூக்கின தூக்கலில் கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது. டாக்டர் கேல்கர் என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னதை நம்பவில்லை, வைத்தியத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். பஞ்சு குற்ற உணர்ச்சியால் தினமும் வேலை விட்டதும் வந்துவிடுவான். நாணு அடித்த கப்பி கிறீச்சிடுகிறது என்று ஒர்க்ஷாப்பில் ஒதுக்கிப் போட்டிருந்த நல்ல கப்பி இரண்டைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினான். அக்காவும் தம்பியும் முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பேசாமல் விட்டுப்போன வருஷங்களையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். அதில் தேதி தப்பு, பேர் தப்பு, உறவு முறை தப்பு. வேங்கடசுப்ரமணியன் தலைக்கு மேல் கயிறோடு, எதிரில் அவற்றைப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகச் சொன்னாலும் கதை அதுபாட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சில கதைகள் நன்றாகவே இருந்தன. வாரை அவிழ்த்த பிறகும், பாதியில் நின்ற கதை முடியட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருப்பார்.

லீவு முடிந்து ஆபீஸ் போக ஆரம்பித்தார். துரையை நேராகப் பார்த்து குட்மார்னிங் சொன்னார். வாலாம்பாள் ஒரு நாள் தன் முதுகு வலிக்காக சயானுக்குப் போனபோது டாக்டர், ஐயர் சௌக்கியமா, அவருக்குத்தான் போன மாதமே குணமாகிவிட்டதே, அந்த வாரை எடுத்து வைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். எடுத்து வைத்துவிட்டோம் என்றாள் வாலாம்பாள். வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வழக்கம்போல வேங்கடசுப்ரமணியன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் வலிக்கறாப்பலே இருக்கு" என்றார். அவள் வாரை மாட்டினாள். மணல் பையில் பாதி மணலை மட்டும் எடுத்திருந்தாள். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் காலை மாடி விசாலாக்ஷி இறங்கி வந்தாள். வேங்கடசுப்ரமணியன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசாலாக்ஷி கொஞ்ச நேரம் இதையும் அதையும் பேசிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வாலா, அந்தக் கழுத்து வார் கொஞ்ச நாளைக்கு வேணுமே."

"யாருக்கு? நாணுவுக்குக் கழுத்து வலியா?"

"வலின்னு ஒண்ணும் இல்லை" என்றாள் விசாலாக்ஷி. "வந்துடப்படாதேன்னுதான். உங்காத்துலே சாயங்காலம் எல்லாரும் பேசிண்டிருக்கறது மாடிக்குக் கேக்கறது. எங்காத்துலே ஒரு குரல்தான் கேக்கும். அது உனக்கே தெரியும்."

வேங்கடசுப்ரமணியன் பேப்பரை மடியில் போட்டார். சடக்கென்று கழுத்தை முழுசாக இந்தப் பக்கம் திருப்பி, "கொடுக்கறதுக்கு இல்லை. எனக்கு இன்னும் கழுத்தைத் திருப்பவே முடியலை" என்றார்.

விசாலாக்ஷி அவரைப் பார்த்தாள். வாலாம்பாளும் பார்த்தாள். அவர் அந்தக் கழுத்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

வாலாம்பாள் ஆணியிலிருந்து வாரை எடுத்துத் துடைத்து விசாலாக்ஷியிடம் கொடுத்தாள். "தாடை அளவு சரியா இருக்காது, நாணுவுக்கு முகம் சின்னது. தாராவியிலே ஜெயினுலாப்தீன் பாய்னு கேளு, தச்சுத் தருவார். அளவெடுக்கறச்சே வாயை மூடிக்கச் சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலம் பஞ்சு வரவில்லை. தூறல் விட்டுவிட்டு வெயில் அடித்தது. வேங்கடசுப்ரமணியன் ஆபீசிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நிலையில் கப்பி இருந்தது, வார் இல்லை. சற்று நின்றார். பிறகு முக்காலியை எடுத்து, வழக்கமான இடத்தில் போட்டுக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாலாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து அமர்ந்தாள். நாகபுரியிலிருந்து பெண் சொல்லியனுப்பியிருந்த சமாசாரத்தைச் சொன்னாள். அவளை ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், மாப்பிள்ளைக்குச் சம்மதமாம், மாமியாருக்கு இல்லையாம். சொல்லும்போது ஊர் பேர் ஒன்றைத் தப்பாகச் சொன்னாள். வேங்கடசுப்ரமணியன் தாடை மெல்ல அசைந்தது. அவள் நிறுத்திக் காத்திருந்தாள். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, மேலே சொல் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க என்ன சொல்றேள்?" என்று கேட்டாள்.

வேங்கடசுப்ரமணியன் தாடையைத் தடவிக்கொண்டார். "இரு, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவள் அதற்குள் இன்னொரு பிடி அரிசியை முறத்தில் போட்டுக்கொண்டாள்.